சின்னவளின் சீருடை

சூன் 3, செவ்வாய்

துப்புரவுப் பணியாளர் கூட்டத்தில் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். தொண்டை கட்டிக்கொண்டது. உப்பிட்ட வெந்நீரைக் கொப்பளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், என் தங்கை சின்னவள் தையற்பொறியின் முன் அமர்ந்து தன் செவிலிச் சீருடைக் காற்சட்டையின் இடப்பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். இது மூன்றாவது. முன்னிரண்டும் அலமாரியில் தோற்றுக் கிடக்கின்றன.

கருப்பையில் வந்த புற்றுநோயை அறுத்தெடுத்தபோது தொடையிடுக்கின் நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். நோய் போயிற்று; வீக்கம் வந்து குடியேறியது. காலையில் இடக்கால் வலக்காலைப் போலவே இருக்கும். நண்பகலுக்குள் தோல் பளபளக்கும். கட்டுத்துணி சுற்றித்தான் அதை அடக்க வேண்டும். சுற்றியதையும் பணிநடுவில் ஒருமுறை அவிழ்த்துச் சுற்ற வேண்டும். காற்சட்டையின் இடுப்புப் பட்டியும் தொடைமூட்டுத் தையலும் சரியாக அந்த இடத்தில்தான் அழுத்துகின்றன. எவ்வளவு தளர்த்தித் தைத்தாலும் தையல் என்று ஒன்று இருக்கத்தானே செய்யும்?

"பாவாடைதான் உனக்கு ஏற்றது" என்றேன்.

"அதத்தான் ரெண்டு மாசமா போட்டுட்டு இருக்கேன். உனக்கு இன்னிக்குத்தான் தெரியுதா?" என்று சிரித்தாள். "மைக் முன்னாடி நின்னா ஊர்ல இருக்கற எல்லார் காலும் உனக்குத் தெரியும். வீட்டுக் கால்தான் தெரியாது."

காற்சட்டை வருமுன் செவிலியர் அணிந்த பழைய பாவாடைச் சீருடை ஒன்று அவள் பெட்டியில் இருந்திருக்கிறது. தலைமைச் செவிலி பார்த்தும் பாராதவராக விட்டிருக்கிறார். அந்த மருத்துவமனையில் பாதிச் செயல்கள் அப்படித்தான் நடக்குமாம்: கேட்டால் கிடைக்காது, கேளாதிருந்தால் நடக்கும். எனக்கு இது பிடிக்கவில்லை. ஒளிந்து துய்ப்பதற்கு உரிமை என்று பெயரா? ஆனால் இப்போது புதிய ஆட்சி அலுவலர் வந்திருக்கிறாராம். அதனால்தான் இந்தத் தையற்பணி.

சூன் 5, வியாழன்

பார்த்துவிட்டார். பிரிவு பிரிவாகச் சுற்றி வந்தவர், பச்சிளங்குழந்தைப் பிரிவின் கண்ணாடிக் கதவருகே நின்று, "அந்த அம்மா மட்டும் ஏன் வேற டிரெஸ்ல இருக்காங்க?" என்று கேட்டிருக்கிறார். கடிந்து பேசவில்லையாம். கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டாராம். மாலையில் சுற்றறிக்கை வந்துவிட்டது: மேற்சட்டையும் காற்சட்டையும் அன்றி வேறு உடை அணிந்த எவரும் நோயாளர் பிரிவுக்குள் நுழையக் கூடாது.

மாப்பிள்ளை, சின்னவளின் கணவர், பேருந்து ஓட்டுநர். சீருடையைக் கழற்றிக்கொண்டே, "எங்க டிப்போல பேன்ட் கிழிஞ்சு வந்தாக்கூட ஒரு மாசம் எவனும் கவனிக்க மாட்டான். இவங்களுக்கு என்னடான்னா தைச்சது பெரிசா போச்சு" என்றார். சின்னவள் சிரிக்கவில்லை.

சூன் 8, ஞாயிறு

காலையில் காப்பியோடு என் அறைக்கு வந்தாள். எதையோ கேட்க வரும்போதுதான் அவள் காப்பி கொண்டுவருவாள்.

"அக்கா, ஒரு ரெண்டு வரி எழுதிக் குடேன். உடம்பு சரியில்லாததால தளர்வான உடை வேணும்னு. அவ்வளவுதான். என்ன நோவுன்னு போடாத. எங்க ஹெட் சிஸ்டர் அத வாங்கி வார்டு ஃபைல்ல வெச்சிடறேன்னு சொல்லிட்டாங்க. மேல போகாது."

இரண்டு வரி! நாற்பது ஆண்டுகளாக நாவால் உழுதவளிடம் இரண்டு வரி கேட்கிறாள். "மேல போகாத மடல் எதற்கு? அது கெஞ்சல். போகட்டுமே மேலே. ஆணையையே மாற்றச் செய்வோம். காற்சட்டையோ பாவாடையோ, அவரவர் விருப்பம் என்று. உனக்கு மட்டுமன்று, எல்லோருக்கும்" என்றேன்.

அவள் காப்பிக் குவளையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "மேல போனா டிரெஸ்ஸப் பாக்க மாட்டாங்கக்கா. காலப் பாப்பாங்க. மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க. போர்டுக்குப் போன யாரும் திரும்பி வார்டுக்கு வந்ததில்ல."

அவள் அஞ்சுவது அது ஒன்றைத்தான். நோயை அஞ்சவில்லை. வலியையும் அஞ்சவில்லை. குறைத்திங்களில் பிறந்த குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மூச்சுக்குப் போராடும் அந்த அறை — அதிலிருந்து வெளியே அனுப்பப்படுவதைத்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் அங்கே நின்றிருக்கிறாள். மருத்துவம் முடிந்து எழுந்ததும் அவள் கேட்ட முதற்கேள்வி, "எப்போ டூட்டிக்குப் போலாம்?" என்பது.

"நான் இருக்கிறேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

சூன் 10, செவ்வாய்

செவிலியர் மன்றச் செயலாளரைப் பார்த்தேன். மீசைக்கு மை தீட்டிய மனிதர்; ஆனால் கூட்டம் கூட்டுவதில் கெட்டிக்காரர். "அம்மா, இது ஒரு ஆளோட பிரச்சனையே இல்ல. கர்ப்பமா இருக்கறவங்க, மூட்டு வலிக்காரங்க, அடிவயித்துல ஆபரேஷன் ஆனவங்க — எத்தன பேரு! நீங்க கேட்ல வந்து பேசுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. காலைப் பணி முடிந்து வெளியேறுவோரும் பிற்பகற்பணிக்கு வருவோரும் வாயிலில் கலக்கும் நேரம்.

வீட்டில் சொன்னேன். சின்னவள், "சரி, பேசு. என் பேரு வேண்டாம். என் காலு வேண்டாம்" என்றாள். வாக்குக் கொடுத்தேன்.

சூன் 12, வியாழன்

குறிப்பெடுத்தாயிற்று. தேர்வு, தன்மதிப்பு, உழைப்பவரின் உடல் அவருக்கே உரியது — இம்மூன்றே தூண்கள். தனியொருவரின் துன்பம் தேவையில்லை. கருத்தே வெல்லும்.

சூன் 13, வெள்ளி. மாலை

வென்றேன்!

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். முந்நூறு பேர் இருப்பார்கள். முதற்பத்து மணித்துளிகள் நன்றாகவே போயின. பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு மூத்த செவிலி, கையில் உணவுப்பையோடு நின்றவர், குரல் கொடுத்தார்: "ஸ்கர்ட்டப் போட்டுட்டு கட்டிலுக்கு அடியில குனிஞ்சப்போ எத்தன கண்ணு எங்களப் பாத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா? பேன்ட்டுக்காக ஒரு வருஷம் நாயா அலைஞ்சோம். இப்ப மறுபடியும் பாவாடைன்னா நல்லாவா இருக்கு?"

"விரும்பியவருக்கு மட்டுமே" என்றேன்.

"இன்னிக்கு விரும்பறவங்களுக்கும்பாங்க. நாளைக்கு எல்லாருக்கும்பாங்க. நாங்க பாக்காததா? போதும்மா, எறங்குங்க."

சிலர் கைதட்டினார்கள் — அவருக்கு. கூட்டம் நழுவும்போது முதலில் ஓரத்தில் நிற்போர் கைப்பேசியை எடுப்பார்கள். எடுத்தார்கள். அவர் சொன்னதில் பொய்யில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. அதுதான் நாவைக் கட்டியது. செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். என் மூன்று தூண்களும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

அதன்பின் நான் பேசியது ஆயத்தம் செய்ததன்று. வந்தது. "இந்த மாளிகைக்குள், இந்த நொடியில், ஒரு செவிலியின் கால் வீங்கிக்கொண்டிருக்கிறது" என்று தொடங்கினேன். "காலையில் அது கால். நண்பகலில் அது சுமை. தோல் கண்ணாடியாகப் பளபளக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். விழுந்த குழி எழாது. அவள் தன் நோயை வென்று வந்தவள். கருப்பையைக் கொடுத்து உயிரை மீட்டவள். தனக்கென ஒரு பிள்ளை இல்லாதவள், ஊரார் பிள்ளைகளின் மூச்சை எண்ணிக்கொண்டு நிற்கிறாள். நிற்கும்போது, நீங்கள் வென்றெடுத்த காற்சட்டை அவள் தொடையை அறுக்கிறது. அவளிடம் சொல்லுங்கள், பாவாடை இழிவென்று! அவள் யாரென்று கேட்கிறீர்களா? என்னோடு பிறந்தவள்!"

பிறகு அந்த மூத்த செவிலியே புறங்கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு — கைதட்டல் என்று அதைச் சொல்ல மாட்டேன், மழை. கீழே இறங்கியதும் செயலாளர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்: "அம்மா, அந்தக் கடைசி அஞ்சு நிமிஷம்! கல்லு கூட அழுதிருக்கும்!"

சின்னவளிடம் சொல்லத் துடிக்கிறேன். இன்று காலைப்பணிதான் அவளுக்கு. இன்னும் ஏன் வரவில்லை?

சூன் 15, ஞாயிறு

அவள் பேசவில்லை. வெள்ளியன்று இருட்டிய பின் வந்தாள். நேரே அறைக்குள் போனாள். நேற்றும் அப்படியே. சாப்பாட்டுத் தட்டை மாப்பிள்ளைதான் உள்ளே கொண்டுபோகிறார். பாதியோடு திரும்பக் கொண்டுவருகிறார்.

பச்சிளங்குழந்தைப் பிரிவின் சாளரம் வாயிலைப் பார்த்தபடி இருக்கிறதாம். அதைத் திறக்க மாட்டார்கள்; ஆனால் ஒலிபெருக்கிக்குக் கண்ணாடி ஒரு தடையா? பணியை அடுத்தவளிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று கேட்டிருக்கிறாள். உடனிருந்த செவிலியர் எல்லோரும் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார்களாம். பிறகு கீழே, காலைப் பார்த்தார்களாம்.

இதை மாப்பிள்ளை சொன்னார். அவர் என்னோடு சிரிக்காமல் பேசி நான் கண்டதில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காலு... நானே ஒழுங்காப் பாத்ததில்ல. கட்டு மாத்தும்போது என்னய வெளிய போகச் சொல்லிருவா. கதவச் சாத்திக்குவா. மூணு வருஷமா அப்படித்தான்." தட்டைக் கையில் எடுத்தார். "இப்ப எங்க டிப்போல டீ குடிக்கறவன் எல்லாம் ஃபோன்ல உங்க பேச்சக் கேட்டுட்டு, 'வீட்டுல அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு'ன்னு என்கிட்ட கேக்கறான்."

கூட்டம் மாறியதை அவரிடம் சொல்ல நினைத்தேன். மூத்த செவிலி அழுததைச் சொல்ல நினைத்தேன். அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

சூன் 16, திங்கள்

காற்சட்டையை அணிந்துகொண்டு பணிக்குப் போனாள்.

சூன் 19, வியாழன்

மருத்துவக் குழு முன் வருமாறு அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. வெகுண்டு எழுந்து ஆட்சி அலுவலரைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் சொற்களைத் தீட்டிக்கொண்டே போனேன். கொடுங்கோலர் ஒருவரை எதிர்பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"பழிவாங்குகிறீர்கள்" என்றேன்.

"இல்லம்மா. உக்காருங்க. நீங்க பேசினத முழுசாக் கேட்டேன். என் சம்சாரமும் கேட்டாங்க, அழுதாங்க." மேசைமேல் கையைக் கோத்துக்கொண்டார். "அவங்க ஸ்கர்ட் போட்டிருந்தப்போ எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஏதோ டிரெஸ் மாறியிருக்குன்னு பொதுவா ஒரு சர்க்குலர் விட்டேன். அவங்க ஹெட் சிஸ்டர் வந்து, 'சார், ஒரு ஆளுக்கு மட்டும் நான் பாத்துக்கறேன்'னு சொல்லியிருந்தா, சரின்னு விட்டிருப்பேன். இப்ப நீங்க முந்நூறு பேர் முன்னாடி, நோவு இன்னது, கால் இப்படி இருக்கு, அழுத்தினா குழி விழுதுன்னு சொல்லிட்டீங்க. குறைமாசக் குழந்தைங்க இருக்கற எடம். நாளைக்கு அந்தக் கால்ல ஒரு புண்ணு வந்து, அது குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா, 'தெரிஞ்சே ஏன் விட்ட'ன்னு என்னயத்தான் கேப்பாங்க. தெரிஞ்சதுக்கு அப்புறம் தெரியாத மாதிரி இருக்க என்னால முடியாதும்மா."

தீட்டிய சொல் ஒன்றுகூட எடுபடவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

சூன் 24, செவ்வாய்

இன்று பேசினாள். அடுக்களையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்து, பக்கத்தில் நின்று, கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் பருமனாக நறுக்குவேன், அவளுக்குப் பிடிக்காது.

நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீ பேசினது நல்லாத்தான் இருந்துச்சுக்கா. நெசமாத்தான் சொல்றேன். மேல நின்னு கேக்கும்போது, ஒரு நிமிஷம், யாரோ பாவம்னு நெனச்சேன்."

"சின்னவளே—"

"பிள்ளை இல்லாதவன்னு ஏன் சொன்ன?"

கூட்டத்துக்காக என்றா சொல்வேன்? கைப்பேசியை எடுத்துவிட்டார்கள், அதனால் என்றா?

"நான் ஒரு நாளாவது உங்கிட்ட அப்படிச் சொல்லி அழுதிருக்கேனா?" என்றாள். குரல் உயரவே இல்லை. அவள் குரல் உயர்ந்திருந்தால் எனக்கு எதிர்க்குரல் கொடுக்கத் தெரிந்திருக்கும்.

சூன் 27, வெள்ளி

குழுவின் முன் சென்று வந்தாள். மூன்று மருத்துவர்கள். காலைக் காட்டச் சொன்னார்களாம். உடன் வருகிறேன் என்றேன். மாப்பிள்ளை போதும் என்றாள். "அவரும் வெளியதான் நிப்பாரு" என்றாள்.

சூலை 3, வியாழன்

முடிவு வந்தது. 'நெடுநேரம் நின்று ஆற்றும் பணிக்கும், தொற்றுக்கு இடமுள்ள பிரிவுகளுக்கும் ஏற்றவர் அல்லர். அமர்ந்து ஆற்றும் பணி வழங்கலாம்.' மருத்துவமனைத் துணிக்கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். நிலவறையில் இருக்கிறதாம். படுக்கை விரிப்பு, போர்வை, சீருடை வழங்கும் இடம்.

சூலை 4, வெள்ளி

ஏன் சொன்னேன். யாரு கேட்டா. 'என் காலு வேண்டாம்'னு வாயத் தொறந்து சொன்னாளே, தலைய ஆட்டினேனே. ஒரு கூட்டம் எழுந்து போனா என்ன இப்ப? போகட்டுமே! எத்தன கூட்டம் போயிருக்கு, எத்தன பேரு கல்லெறிஞ்சிருக்கான், செத்தா போயிட்டேன்? அந்தக் கெழவி சொன்னது சரிம்மான்னு சொல்லிட்டு எறங்கி வந்திருந்தா... எறங்கி வந்திருந்தா அவ வார்டுலயே இருந்திருப்பா. எனக்கு எறங்கத் தெரியல. ஏறத்தான் தெரியும்.

பாவி.

சூலை 6, ஞாயிறு

மேலே எழுதியதைக் கிழிக்கலாமா என்று எண்ணினேன். கிழிக்கவில்லை.

நாளை அவளுக்குக் கிடங்கில் முதல் நாள். வெள்ளியன்று பிரிவில் எப்படி விடைபெற்றாள் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, "குழந்தைங்ககிட்ட என்னன்னு சொல்லிட்டு வர்றது? எல்லாம் தூங்குதுங்க" என்றாளாம். தலைமைச் செவிலி கதவு வரை வந்தாராம்.

சூலை 15, செவ்வாய்

மூன்று கூட்டங்களுக்கு வர இயலாது என்று சொல்லி அனுப்பினேன். தொண்டை என்றேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை.

ஆகசுட்டு 7, வியாழன்

ஆணை வந்துவிட்டது. செவிலியர் காற்சட்டையோ முழங்காலுக்குக் கீழ்வரும் பாவாடையோ, விரும்பியதை அணியலாம். எவரையும் எதற்கும் வற்புறுத்தக் கூடாது. கடைசி வரியை அந்த மூத்த செவிலி நின்று போராடிச் சேர்க்க வைத்தாராம். நல்ல வரி. நான் எழுதியிருந்தாலும் அதைவிடச் சிறப்பாக எழுதியிருக்க முடியாது.

செயலாளர் தொலைபேசியில் குதித்தார். "வெற்றி விழாம்மா! நீங்கதான் சிறப்புரை. தங்கச்சியையும் மேடையில உக்கார வெச்சிரலாம். மாலை போட்டுரலாம்!"

வைத்துவிட்டேன்.

சின்னவளிடம் ஆணையைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. துணி வாங்கும் வேலை கிடங்குக்குத்தானே வரும். "நல்லதுதான். அஞ்சாம் மாடியில ரெண்டு பேரு மாசமா இருக்காங்க, ரொம்பச் சிரமப்பட்டாங்க" என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருக்கலாம்.

ஆகசுட்டு 18, திங்கள்

விழாவுக்கு நான் போகவில்லை. சிறப்பாக நடந்தது என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள்.

செப்தம்பர் 2, செவ்வாய்

மாற்றுக் கட்டுத்துணியை வீட்டிலேயே விட்டுப் போய்விட்டாள். மாப்பிள்ளை பணியில் இருந்ததால் நான் எடுத்துப் போனேன்.

நிலவறைக்கு மின்தூக்கி இல்லை, படியிறங்க வேண்டும். அந்தக் காலோடு நாள்தோறும் இதில்தான் இறங்குகிறாள். நீண்ட அறை, கூரை வரை அடுக்கிய வெள்ளைத் துணி, சலவைக்காரத்தின் நெடி. நடுவில் ஒரு நீள மேசை, அதன் பின்னால் என் தங்கை. அவள் வீட்டில் அணியும் தொளதொளத்த நீள அங்கியில் இருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "இங்க எத வேணாப் போட்டுக்கலாம்கா. யாரும் கேக்கறதில்ல" என்றாள்.

கட்டுத்துணியை வாங்கி இழுப்பறைக்குள் வைத்தாள். ஒரு முக்காலியைக் காட்டினாள். அமர்ந்தேன்.

புதிய பாவாடைகள் வந்து இறங்கியிருந்தன. வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலி. அவளைக் கண்டதும் சின்னவளின் முகம் மாறியது. நெடுநாள் கழித்து நான் பார்த்த முகம் அது. பாவாடையை எடுத்து அவள் இடுப்பில் வைத்து அளந்தபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அந்த மூணாவது பெட்டிக் குழந்தை... நான் வரும்போது எடை ஏறாம இருந்துச்சே. தேறிடுச்சா?"

அந்தப் பெண் விழித்தாள். என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அக்கா... அது... வார்டு விவரம் வெளி ஆளுங்ககிட்ட..." முடிக்க முடியவில்லை அவளால். கண் நிறைந்துவிட்டது.

சின்னவள் அளவு நாடாவைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

"ஆமா, சொல்லக் கூடாது" என்றாள். "நாந்தானே உனக்கு அதச் சொல்லிக் குடுத்தேன். நீ செய்யறதுதான் சரி. அழாத, எல்லாரும் பாக்கறாங்க." பாவாடையை மடித்து அவள் கையில் கொடுத்தாள். "துவைச்சதும் ஒரு விரக்கடை சுருங்கும். அதுக்கும் சேத்துத்தான் குடுத்திருக்கேன்."

அந்தப் பெண் படியேறிப் போனாள். அவள் காலடியோசை ஓயும் வரை சின்னவள் மேசைமேலிருந்த துணியை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அடுத்து யாரு? வாங்கம்மா. உங்களுக்கு என்ன அளவு?"